குடமுருட்டிக் கரையில் ஒரு காற்றுத் துப்பாக்கி

3 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் மழை விட்டிருந்ததால், பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்ணன் மகள் மறுபடியும் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியைத் தொடங்கினாள். கிணற்றடியிலிருந்து 10 மீட்டர் தள்ளி மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் முன்னால் அட்டையைக் குத்தியிருக்கிறோம். கோடையில் ஒரே இடத்தில் கூடிய பெல்லட்டுகள், அதாவது சிறு ஈயக் குண்டுகள், இன்று ஓர் அங்குலம் கீழிறங்கி இடமும் வலமுமாகச் சிதறின. "நான் பிடிக்கிறதுலதான் தப்பா, சித்தப்பா?" என்று கேட்டாள். அவள் பிடியில் குறையே இல்லை. கெட்டியாக எழும் ஓசை இன்று காற்றுப் போன டயர் போல ஒலித்தது. பெல்லட்டின் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.

9 நவம்பர், சனி

முதலில் திருகுகளைப் பார்த்தேன். எங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கி; அழுந்திய ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டனைத் தள்ள, அது நெருக்கும் காற்று பெல்லட்டை வெளியேற்றும். சுடும்போது அது முன்னும் பின்னுமாக அதிர்வதாலும், மரக்கட்டை மழைக்காலத்தில் ஊறிக் கோடையில் சுருங்குவதாலும், முன்கட்டையின் இருபக்கத் திருகுகள் தாமாகவே தளர்ந்துவிடும். இரண்டும் முக்கால் சுற்று இறுகின. சிதறல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெல்லட்டுகள் இன்னும் கீழேதான் விழுகின்றன.

10 நவம்பர், ஞாயிறு

குழலை மடக்கும் இணைப்பில் காற்று கசிகிறதா என்றறிய, பழைய தலையணையிலிருந்து ஒரு சிட்டிகை இலவம்பஞ்சை எடுத்து இணைப்பின் மேல் வைத்துச் சுடச் சொன்னேன். பஞ்சு அசையவில்லை. ஆகவே அங்கே காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் நன்றாக இருக்கிறது, குறை உள்ளே பிஸ்டனில்தான் என்று தெளிந்தது.

நெருக்கிய காற்று குழலுக்குப் போகும் துளையில் தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்றார் அண்ணன். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும் அந்தக் கணத்தில் அறைக்குள் எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுகிறது. டீசல் என்ஜின் ஓடுவதும் அதே முறையில்தான். புகையும் பெருஞ்சத்தமும் சேர்ந்து வருவதைப் பலர் துப்பாக்கிக்குப் புது வலு வந்ததாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது பிஸ்டன் தலையில் காற்றை அடைக்கும் வாசரையும் ஸ்பிரிங்கையும் பாழாக்கும் வெடிப்பு.

17 நவம்பர், ஞாயிறு

பெல்லட் இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, தச்சரிடம் இரவல் வாங்கிய நீளக் கிளாம்பில் துப்பாக்கியைப் பொருத்திப் பிரித்தோம். குழலை மடக்கி ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும். வெறுங்கையால் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தில் பாயும்.

பிஸ்டன் தலையிலிருந்த தோல் வாசரைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அடிபம்பின் பக்கெட் வாசருக்குத் தம்பி போன்ற சிறு கிண்ணம் அது. நெடுநாள் சும்மா கிடந்ததில் பாக்குமட்டை போல விறைத்து, விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு, ஓரிடத்தில் நகக்கீறல் அளவுக்குப் பிளந்திருந்தது. ஸ்பிரிங்கைக் கண்ணாடியின் மேல் உருட்டினேன், கோணாமல் ஓடியது. அதையும் கனமானதாக மாற்றச் சொன்னவர்கள் உண்டு. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருக்கும்வரைதான் உரிமம் வேண்டியதில்லை. அட்டையைத் துளைக்க 6 ஜூலே தாராளம்.

கும்பகோணத்தில் பம்பு பழுதுபார்ப்பவர் ஒருவர், ஊறவைத்த தோலை மர அச்சில் அழுத்திப் புது வாசர் செய்து தந்தார். காய்ந்தபின் அதை இரவு முழுவதும் சிலிகான் எண்ணெயில் போட்டு வைத்தேன். ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸை விரலால் மெலிதாகத் தடவினேன். பிஸ்டனுக்கு முன்புறம் ஒரு துளியும் படவிடவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

முதல் பத்துச் சுடுதலில் இலேசான புகைவாடை வந்து, பிறகு அடங்கியது. அதற்குப் பின் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. சொல்லாமலே அவள் இடக்கையால் குழலை இறுகப் பிடித்தபடி பெல்லட்டை இடுவதைக் கவனித்தேன். விசை நழுவிக் குழல் சட்டென மூடினால் விரல் போய்விடும் என்று நான் பலமுறை எச்சரித்தது பலன் தந்திருக்கிறது. வேலியில் வந்தமர்ந்த கொக்கு பறந்து போகும்வரை காத்திருந்துவிட்டு மீண்டும் குறிபார்த்தாள்.

மாலையில் மழை கனத்தது. கைரேகை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சுப் பெட்டியில் இடாமல், ஸ்பிரிங்கை ஏற்றாத நிலையில் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டினோம்.