ஆச்சியின் நாலரைக் கட்டையும் என் யூகுலேலேயும்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் ஞாயிற்றுக்கிழமை இசை வகுப்பு. ஆறு மாதத்தில், நாலு தந்தி உள்ள சின்ன கிடார் போன்ற யூகுலேலேயில் சி, எஃப், ஜி, ஏ மைனர் என்ற நான்கு கார்டுகளும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற பிடிகள்) கைக்கு வந்திருந்தன. அதை வைத்தே எல்லாப் பாட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாட வந்த ஆச்சி, "எனக்கு நாலரைக் கட்டைப்பா, அதுல வாசி" என்றார். கட்டை என்பது பாடுகிறவர் வைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு. நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப். எனக்குத் தெரிந்த ஒரு கார்டும் அதற்கு உதவாது.

அப்புறம்தான் நகர்த்தக்கூடிய கார்டுகளைக் கற்க உட்கார்ந்தேன். விஷயம் எளிது. திறந்த தந்தி (விரல் அழுத்தாமல் ஒலிப்பது) செய்கிற வேலையை ஆள்காட்டி விரல் படுத்துச் செய்ய வேண்டும். அப்படியே மொத்த வடிவத்தையும் மேலே தள்ளலாம். ஒரு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம்) என்பது அரைக் கட்டை. ஆனால் மூன்றுக்கு அடுத்த ஃப்ரெட் நேரே நாலு, ஏழுக்கு அடுத்தது மறுபடி ஒன்று. (ஏழரை சனிக்கு மட்டும்தான்.)

நான் செய்த தப்பு, அட்டவணையைப் பார்த்து வடிவங்களை மனப்பாடம் செய்தது. எந்தத் தந்தியில் கார்டின் பெயருக்குரிய சுரம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை. ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி சேர்த்த யூகுலேலேயில், ஏ வடிவத்துக்கு அது தரைப்பக்கத்து முதல் தந்தி. எஃப் வடிவத்துக்கு இரண்டாவது. சி வடிவத்துக்கு மூன்றாவது. இது தெரிந்தால் அட்டவணையே வேண்டாம்.

விரல் படுக்க வைப்பதுதான் உண்மையான தொல்லை. முதல் ஃப்ரெட்டில் ஆரம்பிக்காதீர்கள், அங்கே தந்தி ரொம்ப விறைப்பு. ஏ வடிவத்தை மூன்று ஃப்ரெட் தள்ளி 5433 பிடியுங்கள் (நாலு எண்ணும் வரிசையாக ஜி, சி, ஈ, ஏ தந்திகளில் அழுத்த வேண்டிய ஃப்ரெட், 0 என்றால் திறந்த தந்தி). அதுவும் சி கார்டுதான், திறந்த 0003-ஐ அடித்துக் காதாலேயே சரிபார்க்கலாம். விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, ஃப்ரெட் கம்பியை ஒட்டி வையுங்கள். நான் நசுக்கு நசுக்கென்று நசுக்கி இரண்டு வாரம் கட்டைவிரல் வலியோடு திரிந்தேன்.

ஆச்சியின் பாட்டுக்கு மூன்றே கார்டு: எஃப் ஷார்ப் 3121, பி 4322, சி ஷார்ப் 1114. எஃப், ஏ, சி என்று மூன்று வடிவமும் ஆளுக்கொன்று, எல்லாம் நாலு ஃப்ரெட்டுக்குள். அந்த 1114-இல் சுண்டுவிரல் எட்டுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு மாதம் அதை மட்டும் மெதுவாக மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

வாசித்துக் காட்டப் போன அன்று ஆச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இன்னைக்கு நாலுக்கு இறக்கிக்கப்பா" என்றார். எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் கீழே கொண்டுவந்தேன். 2010, 3211, 0003. ஒரு மாதம் பாடுபட்ட சி ஷார்ப், ஒற்றை விரலில் பிடிக்கிற பழைய சி ஆகிவிட்டது.