அளவீடு போனால் போகட்டும், பில் நிற்கக் கூடாது

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருந்துகொண்டு நெல் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் குறுவை அறுவடைதான் பெரிய சோதனை. புரட்டாசி, ஐப்பசியில் நெல் வரத்தும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். எடைமேடைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கிற நேரம் பார்த்து மின்சாரம் போகும், கூடவே நெட்டும் போகும். ஒரு பில் போட எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது, உலர்த்தியின் சூடு எவ்வளவு, எத்தனை பில் பாதியில் விழுந்தது என்பதெல்லாம் அலுவலகத்திலிருந்து தெரிய வேண்டியதும் அப்போதுதான். அதற்காக மென்பொருளோடு சேர்க்கும் ஆயத்த நிரலான அளவீட்டு லைப்ரரியே பில்லை நிறுத்திவிட்டால் அதை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஸ்டேட்ஸ்டி என்பது மென்பொருள் அனுப்பும் அளவைகளை வாங்கித் தொகுக்கும் சர்வர் நிரல். சிறு குழுக்களுக்கு இன்றும் அந்த முறையே போதும் என்பது எங்கள் எண்ணம். அதை எட்ஸி என்ற இணைய விற்பனை நிறுவனம் 2011இல் வெளியிட்டது. அளவையின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, ஒரு நெட்டுக்கோடு, வகையைச் சொல்லும் எழுத்து: ஒரு வரி அவ்வளவுதான். அந்த வரி, பதிலை எதிர்பார்க்காமல் பாக்கெட்டை அனுப்பும் யூடிபி வழியாக 8125ஆம் போர்ட்டுக்குப் போகும். சர்வர் 10 விநாடிக்கு ஒருமுறை கூட்டிக் கழித்து, எண்களைச் சேமித்து வரைபடமாக்கும் கிராஃபைட்டுக்குத் தள்ளும். களத்தில் நெல் அளப்பவர் 'லாபம், ரெண்டு, மூணு' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மரக்காலைச் சாய்ப்பார். எழுதுகிறவர் காதில் விழுந்ததா என்று நின்று கேட்கமாட்டார். யூடிபியும் அப்படித்தான். பதிலுக்குக் காத்திருக்காததால்தான் லைப்ரரி நூறு, இருநூறு வரிகளில் முடிந்துவிடுகிறது.

ஆனால் 'யூடிபிதானே, எங்கும் தடைபடாது' என்று நம்பிவிடக் கூடாது. பாக்கெட் அனுப்புவது தடைபடாது. அனுப்பும் முன் சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தேடல் தடைபடும். லினக்ஸில் மாற்றாமல் விட்ட அமைப்பில் ஒரு கேள்விக்கு 5 விநாடி, இரண்டு முயற்சி. பெயர் சர்வர் ஒன்றே இருந்து, நெட்டும் போயிருந்தால் 10 விநாடி அப்படியே நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் பெயரைத் தேடும் லைப்ரரியாக இருந்து, ஒரு பில்லில் நான்கு அளவைகள் இருந்தால் 40 விநாடி. எடைமேடையில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் 'கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சு' என்பதுதான். தொடக்கத்தில் ஒரே முறை தேடி வைத்துக்கொள்ளலாம் என்றால், நாளை சர்வரின் முகவரி மாறும்போது எல்லா வரிகளும் சத்தமில்லாமல் பாழில் போகும். எனவே ஆலையிலுள்ள அதே கணினியிலேயே ஸ்டேட்ஸ்டியை ஓடவிட்டு, லைப்ரரியில் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியை எண்ணாகவே எழுதிவிடுவது நல்லது. வெளியே அனுப்பும் தொல்லை அந்த நிரலோடு போகட்டும்.

அங்கே இன்னொரு பொறி உண்டு. நெட்வொர்க் இணைப்பு முனையான சாக்கெட்டை ஒரே முகவரிக்கு 'கனெக்ட்' செய்து வைத்திருக்கும் லைப்ரரிகளில், உள்ளூர் ஸ்டேட்ஸ்டி நின்றுபோனால் முதல் வரி போனதுபோலத் தெரியும். அடுத்த வரியை அனுப்பும்போது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற பிழை வரும். அதை லைப்ரரிக்குள்ளேயே விழுங்கிவிட வேண்டும். மேலே எழவிட்டால் அளவீட்டுக் கோளாறு பில் கோளாறாகிவிடும்.

உள்ளூர் ஸ்டேட்ஸ்டியின் கிராஃபைட் இணைப்பு அறுந்தால் அது எதையும் சேமித்து வைக்காது. நடுவில், புள்ளிகளை வாங்கி கிராஃபைட்டுக்குக் கடத்தும் கார்பன் ரிலே என்ற நிரலை வைத்தால் இயல்பாக 10,000 புள்ளிகள் வரை நினைவகத்தில் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரைகோட்டுக்கும் ஒரு தொடர்; 50 தொடர்கள், ஒவ்வொன்றிலும் 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் நிமிடத்துக்கு 300 புள்ளிகள். அரைமணி நேரத் துண்டிப்பைத் தாங்கும், மழைநாள் இரவு முழுவதையும் தாங்காது. நேரமுத்திரை இப்போது ஆலைக் கணினியின் கடிகாரத்திலிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், 4ஆம் மாடல் வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்து, நெட் வராத இடைவெளியில் அது பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். இருநூறு ரூபாய் சமாசாரம் என்று தள்ளாமல் கடிகார மாட்யூல் ஒன்றைச் செருகிவிடுங்கள். கால அளவை எடுக்கும்போதும் சுவர்க்கடிகார நேரத்தைக் கழிக்காமல், பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நேரம் திருத்தப்படும் கணத்தில் ஒரு பில் மைனஸ் மூன்று மணி நேரத்தில் முடிந்ததாக வரும்.

சூடு, ஈரப்பதம் போல அப்போதைய மதிப்பைச் சொல்லும் கேஜ் என்ற வகைதான் எங்களை அதிகம் ஏமாற்றியது. மதிப்புக்கு முன்னால் கூட்டல், கழித்தல் குறி இருந்தால் ஸ்டேட்ஸ்டி அதைப் புதிய மதிப்பாக எடுக்காது. இருக்கிற மதிப்பில் கூட்டும் அல்லது கழிக்கும். கொள்முதல் ஈரப்பத வரம்பான 17 சதவீதத்திலிருந்து நெல் எவ்வளவு விலகி இருக்கிறது என்று அனுப்பினால், 15 சதவீத நெல்லுக்கு −2 போகும். அப்படி ஐந்து வண்டி வந்தால் வரைபடம் −10 காட்டும். உண்மையான எதிர்ம மதிப்பு வேண்டுமென்றால் முதலில் 0, அடுத்து −2 என்று இரண்டையும் ஒரே பாக்கெட்டில் வைக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் வரிசை மாறலாம். விலகலை விட்டுவிட்டு 15 என்றே அனுப்புவது இதைவிட எளிது.

கேஜ் கடைசி மதிப்பை விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டும் இருக்கும். உலர்த்தியின் உணரி செத்துப்போன பிறகும் சூடு நேர்கோடாக ஓடும், பார்க்கிறவருக்கு எல்லாம் நலம்போலத் தோன்றும். ஸ்டேட்ஸ்டி அமைப்பில் பழைய கேஜ்களை நீக்கச் சொல்லலாம். அதோடு, உணரியைப் படிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை வகையான கவுண்டர் ஒன்றையும் ஒன்று கூட்டி அனுப்புங்கள். கவுண்டர் பூஜ்யத்தில் நின்றால் சூட்டை நம்ப வேண்டாம்.

பெயர்கள். ஸ்டேட்ஸ்டி தன் இயல்பில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு தவிர மற்ற எழுத்துகளையெல்லாம் பெயரிலிருந்து நீக்கிவிடும். மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி என்று ஆலைப் பெயரைத் தமிழிலேயே அனுப்பினால் எழுத்து முழுவதும் போய், எல்லா ஊரும் ஒரே பெயரில் வந்து கலந்துவிடும். பிழைச் செய்தியும் வராது. ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொரு விதம், எனவே ஊருக்கு ஒரு எண் கொடுப்பதே உருப்படியான வழி. மதிப்பை 1,25,000 என்று காற்புள்ளியோடு அனுப்பினால் அந்த வரி செல்லாது. ஸ்டேட்ஸ்டி தன் பிழை வரிகளை எண்ணித் தனி அளவையாகத் தருகிறது, அதை முகப்பில் வையுங்கள்.

விவசாயியின் எண்ணைப் பெயருக்குள் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராஃபைட் கோப்பில் ஒரு புள்ளிக்கு 12 பைட். 10 விநாடித் துல்லியம் ஒரு நாளுக்கு, நிமிடத் துல்லியம் 30 நாளுக்கு என்றால் ஒரு தொடருக்கு 6,22,000 பைட்டுக்குச் சற்று மேல். கால அளவைச் சொல்லும் வகையான டைமர் ஒன்றிலிருந்து பத்துக்கு மேற்பட்ட தொடர்கள் பிறக்கும். 2,000 விவசாயிகள் என்றால் 12 ஜிபியைத் தாண்டும். அத்தனையும் யாரும் பார்க்காத வரைபடங்கள்.

வரிகளைச் சேர்த்து ஒரே பாக்கெட்டாக அனுப்பலாம். உள் நெட்வொர்க்கில் 1,432 பைட், இணையம் வழியாக என்றால் 512 பைட் என்பது ஸ்டேட்ஸ்டி ஆவணம் தரும் வரம்பு. மீறினால் பாக்கெட் துண்டாகலாம், ஒரு துண்டு தொலைந்தாலும் முழுதும் போச்சு. அளவு நிறையும் வரை மட்டும் காத்திருக்கும் லைப்ரரிகள் இரவில் மோசம்: மூன்று மணி நேர வரிகள் ஒன்றாகப் போய் ஒரே 10 விநாடிக்குள் கொட்டும். அளவு அல்லது ஒரு விநாடி, எது முந்துகிறதோ அதில் அனுப்ப வேண்டும். 'ஃபோர்க்' செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்துப் பிள்ளைச் செயல்முறைகளை உண்டாக்கும் வெப் சர்வர்களில், சேர்த்து வைத்த வரிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நகலாகி, பிள்ளைகள் நான்கு என்றால் நான்கு மடங்காக எண்ணப்படும். ஃபோர்க்குக்குப் பிறகே லைப்ரரியைத் தொடங்குவது பாதுகாப்பு.

மாதிரி விகிதத்தை ஆலைகளில் தொடவே வேண்டாம். 0.1 என்று வைத்தால் பத்தில் ஒன்றை அனுப்பி, சர்வரில் பத்தால் பெருக்கும். விநாடிக்கு ஆயிரம் நிகழ்வு உள்ள இடத்துக்கு அது சரி. மணிக்கு இருபது வண்டி வரும் இடத்தில் வரைபடம் 0, 10 என்று குதித்துக்கொண்டிருக்கும்.

ஆலை முதலாளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னிக்கு எத்தனை மூட்டைன்னு இதிலேயே தெரியுதே, இதை வெச்சே பணம் கொடுத்துடலாமே' என்பார். கூடாது. 40 கிலோ மூட்டை ஒன்று தவறினாலும் அது ஒருவருடைய பணம். அந்த எண் பில் இருக்கும் தரவுத்தளத்திலிருந்துதான் வர வேண்டும். மாலையில் இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் அளவீட்டில் எவ்வளவு தொலைகிறது என்பதும் தெரிந்துவிடும். நெட்வொர்க்கில் எதுவும் தொலையாமலேயே வித்தியாசம் வந்தால், லினக்ஸின் யூடிபி புள்ளிவிவரத்தில் பெறும் நிரலின் பஃபர் (வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) நிரம்பி விழுந்த பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

புதிய லைப்ரரியை ஆலைக்கு அனுப்புமுன் அலுவலகத்திலேயே மூன்று நிலையில் பில் போட்டுப் பார்க்க வேண்டும்: ஸ்டேட்ஸ்டியை நிறுத்திவிட்டு, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபிள் இருக்க டிஎன்எஸ் முகவரியை மட்டும் தவறாக மாற்றிவிட்டு. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மூன்றிலும் பில் நேரம் சாதாரண நேரத்திலிருந்து சில மில்லிசெகண்டுக்கு மேல் விலகினால் அந்த லைப்ரரி வேண்டாம்.