நான்கு பாடங்களும் ஒரு சவ்வும்

உயிரியல் தேர்வுக்குத் திருப்புதல் செய்தபோது செல், செரிமானம், வாயுப் பரிமாற்றம், நோய் ஆகியவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்து வெகுநாள் தடுமாறினேன். செல்லுக்குள் எது நுழையலாம், எது வெளியேறலாம் என்று கட்டுப்படுத்தும் மெல்லிய உறையான செல் சவ்வை முதலில் நன்றாகப் புரிந்துகொண்ட பிறகே மற்ற மூன்றும் பிடிபட்டன.

நுரையீரலின் காற்று நுண்ணறைச் சுவர் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அதை ஒட்டிய இரத்த நுண்நாளத்தின் சுவரும் அப்படியே. அந்த மிகக் குறுகிய தொலைவை ஆக்சிஜன் விரைவாகக் கடந்துவிடுவதால்தான், உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக உள்ள அது, வெளிவிடும் காற்றில் 16 விழுக்காடாகக் குறைகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சியை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள்: அங்கும் பரந்த பரப்பு, மெல்லிய சுவர், இடைவிடாத இரத்த ஓட்டம் என அதே அமைப்புதான். (குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதில் ஆற்றல் செலவாகும் செயல்மிகு கடத்தலும் உண்டு, இதைப் பலர் எழுத மறக்கிறார்கள்.)

உணவைச் செரிக்கும் நொதிகளின் அட்டவணை மட்டும் இந்தச் சவ்வு வழியில் அடங்காது; அதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

நோய்களையும் இவ்வழியே படித்தேன். எம்ஃபைசீமா என்னும் நுரையீரல் நோயில் நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து அறைகள் ஒன்றோடொன்று கலப்பதால் பரிமாற்றப் பரப்பு சுருங்குகிறது. காலராவிலோ, கிருமியின் நச்சு குடற்செல்களிலிருந்து குளோரைடு அயனிகளை வெளியேற்றச் செய்ய, சவ்வூடு பரவலால் (உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதால்) நீரும் அவற்றின் பின்னே குடலுக்குள் பெருகுகிறது.