ஹோம்ஸ்கூலில் படிக்கும் பிள்ளைக்கு மதச்சார்பற்ற உயிரியல் கோர்ஸ்: எதைத் திறந்து பார்த்தோம்

ஆன்லைன் உயிரியல் கோர்ஸ் தேடும்போது முதலில் மூடி வைத்தது விளம்பரப் பக்கத்தைத்தான். ஒருவர் 'செகுலர்' என்கிறார், இன்னொருவர் 'நியூட்ரல்' என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. நியூட்ரல் என்று போட்டால், பெரும்பாலும் பரிணாமத்தைத் தொடாமல் நழுவிவிடுவார்கள் என்று பொருள். அதில் உயிர்களைக் கடவுள் படைத்தார் என்னும் படைப்புவாதம் இருக்காதுதான், ஆனால் உயிரியலும் பாதிதான் இருக்கும்.

அதனால் ஒவ்வொருவரிடமும் முழு சிலபஸையும் பாடநூலின் பெயரையும் பதிப்பையும் கேட்டு வாங்கினோம். நடத்துகிறவர் செகுலராக இருந்து, கையில் இருக்கும் நூல் மதப் பதிப்பகத்தினுடையதாக இருப்பது அபூர்வமல்ல.

சிலபஸில் 'பரிணாமம்' என்று ஒரு அத்தியாயம் இருந்தால் போதாது. கடைசியில் வைத்து, நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். மற்ற அத்தியாயங்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவும் குளோரோபிளாஸ்ட்டும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்று செல் பாடம் சொல்கிறதா? மனிதனின் 2ஆம் குரோமோசோம், மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் இணைந்து உருவானது என்று மரபியலில் வருகிறதா? வகைப்பாட்டில் வெறும் பெயர்ப் பட்டியலா, பொது மூதாதையைக் காட்டும் மர வரைபடமா? பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று நேராகச் சொல்கிறார்களா? 'சில விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்' என்று இழுத்தாலோ, 'நுண்பரிணாமம் (ஓர் இனத்துக்குள் நடக்கும் மாற்றம்) உண்டு, பெரும்பரிணாமத்துக்கு (புதிய இனங்கள் உருவாவதற்கு) ஆதாரமில்லை' என்று பிரித்தாலோ அந்தக் கோர்ஸை அங்கேயே விட்டுவிடலாம். நுண்பரிணாமம், பெரும்பரிணாமம் என்ற சொற்களில் தவறில்லை, உயிரியலாளர்களும் பயன்படுத்துவார்கள். ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பதுதான் அடையாளம்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்கத் தேர்வு அமைப்பான காலேஜ் போர்டின் ஏபி பயாலஜி (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) பாடத்திட்டத்தை இலவசமாகப் படிக்கலாம், பிள்ளை அந்தத் தேர்வை எழுதாவிட்டாலும் சரி. மொத்தம் 8 அலகுகள். 7ஆவதான இயற்கைத் தேர்வுக்கு மட்டும் தேர்வில் 13 முதல் 20 சதவீதம். வகுப்பு நேரத்தில் குறைந்தது கால் பங்கு கையால் செய்யும் லேப் இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. ஏபி என்ற பெயரைப் போடுகிறவர் அவர்களுடைய தணிக்கையில் தேறினவரா என்றும் கேளுங்கள்.

லேப்தான் பெரிய ஓட்டை. திரையில் கிளிக் செய்வதை லேப் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல கோர்ஸ் என்றால் சாமான் பட்டியலை முன்கூட்டியே தரும். மைக்ரோஸ்கோப்புக்கு 4, 10, 40 மடங்கு லென்ஸ்களும் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் போதும். அதிகபட்சம் 400 மடங்கு வரும், வெங்காயத் தோலில் அயோடின் விட்டால் செல்லின் உட்கரு தெரியும். 1200 மடங்கு என்று விற்கும் பொம்மை மைக்ரோஸ்கோப்பில் மங்கல்தான் பெரிதாகும்.

சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைக்கும் சோதனை எல்லா இடத்திலும் வரும். 1 மோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) என்றால் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராமைக் கொட்டினால் கரைசல் நீர்த்துப்போகும். 3 கிராம் துண்டின் எடை மாற்றம் கிராமில் சில பத்தில் ஒரு பங்குதான் என்பதால், 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு எதையும் காட்டாது. 0.1 கிராம் தராசாவது வேண்டும், 0.01 என்றால் நிம்மதி. எடை போடுமுன் துண்டை ஒற்றி எடுக்காவிட்டால் ஒட்டியிருக்கும் நீரே முடிவை மாற்றிவிடும். இதையெல்லாம் குறிப்பில் எழுதாத கோர்ஸ், சோதனையைச் செய்து பார்க்காமலே எழுதியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

யார் திருத்துகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. தானே படிக்கும் கோர்ஸ்களில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை மென்பொருளே திருத்தும், லேப் அறிக்கையை ஒருவரும் படிக்க மாட்டார்கள். பெயரை மறைத்துத் திருத்திய மாதிரி அறிக்கை ஒன்று கேளுங்கள். 'நன்று' என்பதோடு நின்றிருந்தால் அந்தக் கட்டணம் வீண்.

அடிப்படை வேதியியல் தெரியாமல் சேர்த்தால் பிணைப்புகள், பிஎச் என்று தொடக்கத்திலேயே சிக்கும். ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதத்தைக் கணிக்கும் ஹார்டி-வைன்பெர்க் கணக்குக்கு இயற்கணிதமும் வேண்டும். இரண்டையும் கான் அகாடமி என்ற இலவசக் கல்வி இணையதளத்தில் முன்னதாகவே முடித்துவிடலாம்.

சோதனைக் காலம் தந்தால் முதல் வாரப் பாடத்தைப் பார்க்காதீர்கள், அதை எல்லோரும் மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். ஆண்டின் நடுவில் வரும் ஒரு அலகைத் திறக்கச் சொல்லி, தேர்வும் லேப்பும் உட்பட பிள்ளையையே முழுசாகச் செய்யவிடுங்கள். பணம் திருப்பித் தரும் கெடு முடியுமுன் இது நடந்திருக்க வேண்டும்.