பழைய நிக்கான் லென்ஸின் பின்னால் ஒரு வானியல் கேமரா: இதுவரை

தொலைநோக்கியோடு கிடந்த ஏஎஸ்ஐ533 வண்ணக் கேமராவை ஒரு பழைய நிக்கான் 135 மிமீ எஃப் 2.8 லென்ஸில் மாட்டியாயிற்று. கேட்டை நட்சத்திரமும் அதற்கு வடக்கே இருக்கும் ரோ ஓஃபியூக்கி வண்ண மேகங்களும் ஒரே படத்தில் வரவேண்டும், அதுதான் ஆசை. சென்சார் 11.3 மிமீ சதுரம். இந்த லென்ஸில் 4.8 பாகை அகலம் கிடைக்கிறது; பக்கத்து எம்4 நட்சத்திரக் கொத்தும் சேர்ந்தே அடங்கிவிடும்.

வேலை முழுக்க மில்லிமீட்டரில்தான். நிக்கான் லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மிமீ. கேமராவோடு வரும் 11 மிமீ வளையத்தையும் சேர்த்தால் சென்சார் 17.5 மிமீ உள்ளே இருக்கிறது. மீதி 29 மிமீயை நிரப்ப ஓர் அடாப்டர் வேண்டும். லென்ஸைப் பிடிக்கும் முன்பக்கத்துக்கு ஒரு மலிவான மேக்ரோ எக்ஸ்டென்ஷன் டியூபின் வளையத்தைக் கழற்றிக்கொண்டேன். பின்பக்கத்துக்குக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. அடாப்டரின் வரைபடத்தைக் கையில் வாங்கியதுமே பட்டறை அண்ணன் கேட்டது: “தம்பி, 42 சரி, மரை முக்கால் பிட்ச்சா, ஒரு பிட்ச்சா?” விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி: 42 மிமீ விட்ட மரையில் புரிகளின் இடைவெளி, அதாவது பிட்ச், இரண்டு வகை. பழைய பென்டாக்ஸ், பிராக்டிகா திருகு லென்ஸ்களுக்கு 1 மிமீ பிட்ச். வானியல் கேமராவுக்கு 0.75. மாற்றிப் போட்டால் ஒரு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். முக்கால் என்றேன். அப்படியே உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டருக்கு 28.5 மிமீ மரையும் வெட்டித் தந்தார்.

அந்த ஃபில்டர் இல்லாமல் ஆகாது. இந்தக் கேமராவின் கண்ணாடி அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, லென்ஸோ அந்த ஒளிக்குத் திருத்தப்பட்டதில்லை. ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நட்சத்திரங்கள் உப்பிப்போய்த் தெரிகின்றன. 2 மிமீ கண்ணாடி குறுக்கே வந்ததும் குவியம் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.7 மிமீ போல, பின்னால் தள்ளிப்போகிறது. அடாப்டரை நீட்டாமல் 29-லேயே விட்டுவிட்டேன். அதனால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் 26 மீட்டர் வரவேண்டிய இடத்தில் நட்சத்திரம் கூர்மையாகிறது. அடாப்டர் இப்படிக் கொஞ்சம் குட்டையாக இருப்பதால் கேடில்லை. அடாப்டர் நீளமாகிவிட்டால்தான் தொல்லை, முடிவிலியை எட்டவே எட்டாது.

ஒளி நுழையும் துளை விஷயத்தில் இதுபோன்ற பழைய ஏஐ-எஸ் வகை நிக்கான் லென்ஸ்தான் நிம்மதி, துளை வளையத்தைத் திருப்பினால் போதும். கேனான் ஈஎஃப் லென்ஸ் மின்சாரம் இல்லாவிட்டால் முழுக்கத் திறந்தே நிற்கும். வளையம் இல்லாத நிக்கான் ஜி வகையோ கழற்றியதும் சுருங்கிக்கொள்ளும். ஆனாலும் நான் வளையத்தை 2.8-லேயே விட்டு, முன்னால் 52 மிமீயிலிருந்து 37-க்கு இறங்கும் ஸ்டெப்-டவுன் வளையம் மாட்டியிருக்கிறேன். உள்விட்டம் காலிப்பரில் 35 மிமீ, கணக்குக்கு எஃப் 3.9. உள்ளே இருக்கும் ஏழு இதழ்களைச் சுருக்கினால் ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்திலும் பதினான்கு முள் முளைக்கும். இந்த வட்டத் துளையில் அது இல்லை.

ஃபோகஸ்தான் பொறுமையைச் சோதிக்கிறது. எஃப் 4-ல் குவியம் முன்பின் விலக 40 மைக்ரான் அளவுக்குத்தான் இடம் இருக்கிறது, 2.8-ல் அதில் பாதி. விரலால் திருப்பினால் தாண்டிப்போகும். வளையத்தில் ஹோஸ் கிளாம்ப் ஒன்றை இறுக்கி நீளக் கம்பி வைத்ததும் கொஞ்சம் வசப்பட்டது. பின்னிரவில் குளிர ஆரம்பித்தால் மறுபடி பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரிபார்க்க லென்ஸ் முன் வைக்கும் கீற்றுத் தகடு) எடுக்க வேண்டியதுதான்.

கேமரா லென்ஸை வைத்துக்கொண்டு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஸ்பெயினின் லா பால்மா தீவில் சூப்பர்வாஸ்ப் திட்டம் எட்டு கேனான் 200 மிமீ லென்ஸ்களைக் கொண்டுதான் வேற்றுச் சூரியன்களின் கோள்களைத் தேடியது. சொன்னேன். எடுபடவில்லை.

ஆனைகட்டிப் பக்கம் எடுத்த 60 விநாடிப் படங்களில் கேட்டையைச் சுற்றி மஞ்சளும் ரோவைச் சுற்றி நீலமும் தெளிவாகவே வந்திருக்கின்றன. இடது கீழ் மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் நீண்டிருந்தன, எங்கோ சாய்வு. எந்தப் பக்கம் என்று பார்க்க, கேமரா மரைக்கு நடுவே 0.4 மிமீ ஷிம் (மெல்லிய இடைவளையம்) போட்டேன். கேமரா ஏறக்குறைய அரைச் சுற்று திரும்பி நின்றது, கோளாறும் எதிர் மூலைக்கு மாறியது. ஆக சாய்வு சென்சாரில் இல்லை, லென்ஸ் பக்கம். டியூப் வளையத்தின் திருகுகளுக்குக் கீழே ஒரு பக்கமாகச் சமையல் அலுமினியத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது.

அடுத்து இதே அடாப்டரில் 50 மிமீ. கிட்டத்தட்ட 13 பாகை அகலம், ஓரியனின் பர்னார்ட் வளையத்துக்குத் தாராளம். பிக்சலுக்கு 15 வில்விநாடிக்கு மேல் போவதால் நட்சத்திரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். நிறைய ஃப்ரேம் எடுத்து டிரிஸில் (சற்றே நகர்ந்த பல படங்களைச் சேர்த்து நுணுக்கத்தைக் கூட்டும் முறை) செய்து பார்க்க வேண்டும்.