ஐந்து என்றால் ஐந்து: ஒரு கிராமக் கண்காட்சியின் நாட்குறிப்பு

2025 ஜூன் 8, ஞாயிறு

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், வீட்டில் விளைந்தவற்றையும் செய்தவற்றையும் போட்டிக்கு வைக்கும் கண்காட்சி செப்டம்பர் 6ஆம் தேதி நடக்கிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றாலும், சட்னிப் பிரிவில் கலந்துகொள்ள வேண்டுமானால் இன்றே அடுப்பை ஏற்றியாக வேண்டும். இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்த அந்தச் சொல், வந்த இடத்தில் வேறு பண்டத்தின் பெயராகிவிட்டது. நமக்குக் காலையில் அரைத்து மதியத்துக்குள் தீர்ப்பது சட்னி. இவர்களுக்கு வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, புட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் பக்குவப்பட விடுவது சட்னி. நம் பக்கம் இதற்கு நெருங்கிய உறவு ஊறுகாய்தான்.

யார்க்‌ஷயரில் நாங்கள் குடியிருக்கும் வேக்ஃபீல்டு வட்டாரம், ருபார்ப் என்ற செடியின் புளிப்புத் தண்டுக்குப் பேர்போனது. குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகைகளுக்குள் வளர்த்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கும் அந்த இளஞ்சிவப்புத் தண்டுக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்க் காப்பும் கிடைத்தது. என்னுடையது வெயிலில் வளர்ந்த சாதாரணச் செடி. நச்சுத்தன்மை உள்ள இலையைக் கழித்துவிட்டுத் தண்டை மட்டும் ஒரு கிலோ நறுக்கி, அரைக் கிலோ வெங்காயம், பேரீச்சம்பழம், இஞ்சி, பழுப்புச் சர்க்கரை, அரை லிட்டர் வினிகர் ஆகியவற்றோடு சேர்த்து இரண்டு மணி நேரம் கிளறினேன். மரக்கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு கிழித்தால், வினிகர் ஓடிவந்து அதை மூடக்கூடாது, அதுதான் பதம். வெறும் தகர மூடியை வினிகர் அரித்துவிடும் என்பதால், உட்புறம் பூச்சுள்ள புது மூடிகளாக வாங்கி வைத்திருந்தேன்.

மாலையில் தொலைபேசியில் அத்தையிடம் சொன்னேன். “மூணு மாசத்துச் சட்னியா? ஊசிப்போயிருமேம்மா” என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

கைவினையில் ‘வேறு எந்தக் கைப்பொருளும்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. குரோஷாவும் கம்பளிப் பின்னலும் இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவை. அவற்றில் போட்டியிட எனக்குத் துணிவில்லை. ஆகவே, போன முறை மதுரையிலிருந்து கொண்டுவந்த பச்சை, வெள்ளை ஒயர் கட்டுகளை எடுத்து, சிவன் கண் முடிச்சில் ஒரு கூடை பின்னத் தொடங்கியிருக்கிறேன். பள்ளி விடுமுறைகளில் திண்ணையில் அமர்ந்து கற்றுக்கொண்ட முடிச்சு. மூளை மறந்தாலும் விரல் மறக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று முதல் யார்க்‌ஷயரில் குழாய் பிடித்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சத் தடை. வாளியில் மொண்டு ஊற்றலாம். நகராட்சியிடம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருப்பது அரைத்துண்டு நிலம்தான், ஏறக்குறைய 125 சதுர மீட்டர். அதற்கே மாலையில் இருபது நடை ஆகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொடி பீன்ஸ் கைவிட்டது. சிவப்புப் பூ கொத்துக்கொத்தாகப் பூத்தும், வெப்பத்திலும் வறட்சியிலும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. தக்காளிக்கு மட்டும் இந்தக் கோடை வரமாக அமைந்தது. ஈரமான ஆண்டுகளில் ஒரே வாரத்தில் செடியைக் கருக்கிவிடும் அழுகல் நோய் இம்முறை எட்டிப் பார்க்கவில்லை.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலியோரம் நின்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அரசத் தோட்டக்கலைச் சங்கம் ஊர்க் கண்காட்சிகளுக்குக் கொடுக்கும் பேங்க்ஸ் பதக்கத்தைப் போன ஆண்டு வென்றவர் அவர். வென்றவர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அதைப் பெற முடியாது என்பது விதி. அதனால்தானோ என்னவோ, தாராளமாகத் தொழில் ரகசியங்களைச் சொல்கிறார். நடுத்தரத் தக்காளி ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். காம்பின் பச்சை இதழ் வாடாமல், மேல்நோக்கி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தட்டில் உள்ளவை ஒன்றைப் போல் ஒன்று இருக்க வேண்டும். தோட்டத்திலேயே பெரிய தக்காளியைப் பெருமையோடு காட்டினேன். அதைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இத்தனை ஆண்டுகள் சந்தையில் காய் பொறுக்கியும் நான் இப்படிப் பார்த்ததே இல்லை. சொத்தை, முற்றல், வெதும்பல் ஆகியவற்றைக் கழிக்கத் தெரியும். நல்ல காய்களுக்குள்ளேயே உடன்பிறந்தவற்றைத் தேடிச் சேர்க்கத் தெரியாது.

செப்டம்பர் 1, திங்கள்

பிரிட்டனில் பதிவான கோடைகளிலேயே இதுதான் மிக வெப்பமானது என்று வானிலைத் துறை இன்று அறிவித்தது, சராசரி வெப்பநிலை 16.10 பாகை செல்சியஸ். மதுரையில் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். இருபது நடை நடந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுழைவுப் படிவத்தில் சட்னி, கூடை, தக்காளி என மூன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி, இரவு

முப்பது தக்காளிகளைச் சமையல் மேசையில் பரப்பி, அளவுகோலும் கையுமாக ஒரு மணி நேரம் செலவிட்டேன். அளவு ஒத்தால் நிறம் ஒக்கவில்லை. நிறம் ஒத்தால் ஒன்றின் காம்பு உலர்ந்திருக்கிறது. கடைசியில் போட்டி அட்டவணை கேட்கும் ஐந்தைத் தேர்ந்து, ஒன்று நசுங்கினால் இருக்கட்டும் என்று ஆறாவதையும் பஞ்சில் பொதிந்து வைத்தேன். சட்னிப் புட்டியில் பழைய விளம்பரத் தாளின் பசை மிச்சமிருந்தது. எண்ணெய் தடவித் தேய்த்தெடுத்தேன். பெயர்ச்சீட்டில் பண்டத்தின் பெயரும், செய்த நாள், மாதம், ஆண்டு மூன்றும் முழுமையாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

காலை பத்தரைக்குள் கூடாரத்தில் அடுக்கி முடிக்க வேண்டும். பிறகு நடுவர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் தவிர யாரும் உள்ளே இருக்க முடியாது. கழுத்து ராஃபியா நாரால் கட்டப்பட்ட வெங்காயங்கள், சிராய்ப்பில்லாமல் கழுவிய கேரட்டுகள், நடுவில் ராஸ்பெரி ஜாம் மட்டும் தடவி மேலே நுண்சர்க்கரை தூவிய விக்டோரியா கேக்குகள் என்று வரிசையாக இருந்தன. கேக்கின் மேல் ஆறவைத்த கம்பித்தட்டின் தடம் தெரிந்தால் மதிப்பெண் போய்விடுமாம்.

நான் கூடையை வைக்கக் கைவினை மேசைக்குப் போனேன். தக்காளித் தட்டை என் கணவரிடம் ஒப்படைத்தேன். அங்குதான் தவறு நடந்தது.

இரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் நேராகத் தக்காளியிடம் ஓடினேன். அட்டையில் மூன்று எழுத்து: என்.ஏ.எஸ்., அதாவது அட்டவணைப்படி இல்லை. தட்டில் ஆறு தக்காளிகள் இருந்தன. ஐந்தைச் சுற்றி அடுக்கிய பிறகு கையில் ஒன்று மிஞ்சியதாகவும், ஒன்று கூட இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்று நடுவில் வைத்ததாகவும் கணவர் சொன்னார். கொசுறு கேட்டு வாங்கியே வளர்ந்த ஊர்க்காரரிடம் வேறெதை எதிர்பார்ப்பது? நடுவர் முதலில் எண்ணுவாராம். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்தத் தட்டு போட்டியிலேயே இல்லையாம். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஆறில் எந்த ஐந்தை எடுத்திருந்தாலும் பரிசு கிடைத்திருக்கும் என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார், எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கூடைக்குப் பரிசில்லாத பாராட்டு அட்டை கிடைத்தது. நடுவர் அதைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்திருக்கிறார். முடிச்சுகள் சீர் என்றும், ஒயர் நுனிகளை இன்னும் உள்ளே செருகியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். நியாயமான குறைதான். அவசரத்தில் விட்டவை அவை.

சட்னிக்கு இரண்டாம் பரிசு. குறிப்பில் இரண்டே வரிகள்: நிறமும் பதமும் நன்று, வினிகர் சற்றுத் தூக்கலாக இருப்பதால் இன்னும் சில மாதம் பக்குவப்பட விட்டிருக்க வேண்டும். அத்தை ஊசிப்போகும் என்று சொன்ன சட்னியை, இன்னும் பழசாகவில்லை என்று ஒருவர் குறை சொல்லியிருக்கிறார்.

மாலை நான்கரைக்கு, விட்டுச்சென்ற விளைபொருள்களை ஏலம் விட்டார்கள். எங்கள் ஆறு தக்காளிகளையும் ஒரு பாட்டி இரண்டு பவுண்டுக்கு எடுத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பனி விழுமுன் செடிகளைப் பிடுங்கிவிட்டேன். இனிப் பழுக்காத பச்சைத் தக்காளிகள் மூன்று கிலோ தேறின. அனைத்தையும் இன்று சட்னியாக்கிவிட்டேன். அடுத்த செப்டம்பருக்குள் பதினொரு மாதம் ஆகியிருக்கும். அப்போதும் வினிகர் தூக்கல் என்று எவராலும் சொல்ல முடியாது. கணவர் எண்ணிப் பார்த்து எட்டுப் புட்டி என்றார். மறுபடியும் எண்ணச் சொன்னேன், ஒன்பது. நாளும் மாதமும் ஆண்டும் எழுதிய ஒன்றை மட்டும் அலமாரியின் பின்வரிசையில், அரிசி டப்பாவுக்கு அப்பால், அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.