ரூபாய் இருக்கிறது, லிட்டர் எங்கே?

பிஆர்எஸ்ஆர் அறிக்கையை (பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் தருவது) ஏற்றி முடித்து ஒரு வாரம் ஆகிறது. கண்ணை மூடினால் இன்னும் எக்செல் கட்டங்கள்தான் தெரிகின்றன. கணக்குப் பிரிவில் இருக்கும் என் தலையில் இது விழக் காரணம், "பில்லெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு" என்று மீட்டிங்கில் யாரோ சொன்ன ஒரு வரி. இருக்கிறதுதான். ஆனால் ரூபாயில் இருக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்பதோ கிலோலிட்டர், டன், ஜூல். ரூபாயைத் திரும்பவும் பொருளாக மாற்றுவதுதான் இந்த வேலை என்று புரியவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கம்பெனி விவரம், கொள்கை, இயக்குநர் அறிக்கை எல்லாம் செக்ரட்டரி ஆபீஸ் முடித்துக் கொடுத்துவிட்டது. அதில் தொல்லை இல்லை. தண்ணீர், மின்சாரம், கழிவு போன்ற முக்கிய எண்கள் வரும் கோர் பகுதியை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க வருவார் என்றார்கள், அங்கேதான் மாட்டினேன்.

முதல் அடி தண்ணீரில். லாரித் தண்ணீர் பில்லில் '1 லோடு' என்று மட்டும் இருக்கும். எல்லாமே 12,000 லிட்டர் வண்டி என்று நினைத்துப் பெருக்கிவிட்டேன். கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினால் பாதிக்கு மேல் 6,000 லிட்டர் வண்டி. அதைத் திருத்திய அவசரத்தில் கிலோலிட்டர் கட்டத்தில் லிட்டரையே தட்டிவிட்டேன். அந்தக் கணக்குப்படி நாங்கள் சிறுவாணியையே உறிஞ்சியிருக்க வேண்டும். போர்வெல்லுக்கு மீட்டரே கிடையாது. மோட்டார் ஓடிய மணியை வைத்துத்தான் மதிப்பிட்டோம், அதையும் மறைக்காமல் குறிப்பில் எழுதிவிட்டோம். மதிப்பீடு என்று சொன்னால் திட்ட மாட்டார்கள், சொல்லாமல் விட்டால்தான் குடைவார்கள்.

அடுத்தது மின்சாரம். எங்களுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. எச்.டி. (உயர் அழுத்த மின் இணைப்பு) பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்து, காசு கட்ட வேண்டிய யூனிட் தனியாக வரும். கணக்குப் பிள்ளை புத்தி, அதைத்தான் எடுத்தேன். சரிபார்க்க வந்த மேடம் உற்பத்தி டன்னைப் பார்த்தார், யூனிட்டைப் பார்த்தார், "ராத்திரி ஷிப்ட்டை மூடிட்டீங்களா சார்?" என்றார். மொத்த யூனிட்டையும் எடுத்து, காற்றாலையை ஒரு வரியிலும் வெளி மின்சாரத்தை இன்னொரு வரியிலும் பிரித்துக் காட்ட வேண்டும். ஸ்கோப் 2 கணக்குக்கு (வாங்கும் மின்சாரத்தால் வரும் கார்பன் உமிழ்வு) வெளி மின்சாரத்தை மட்டும், மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் காரணியால் (யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு) பெருக்க வேண்டும். பன்னிரண்டு மாத பில்லையும் முதலிலிருந்து தட்டினேன்.

என் ரத்தம் கொதித்தது கழிவு எண்ணெயில். பேரல் பேரலாக விற்றிருக்கிறோம், பணமும் வந்திருக்கிறது. ஆனால் அபாயக் கழிவு வெளியே போனால் அதோடு போகும் விவரச் சீட்டான படிவம் 10 வேண்டும், ஏழு நிறத்தில் ஏழு பிரதி. மஞ்சள் பிரதி நம்மிடம் நிற்கும். வாங்கியவர் சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு நீலப் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் கோப்பில் மஞ்சள் வரிசையாக இருக்கிறது, நீலம் நான்கு இல்லை. போனில் "அனுப்பியாச்சுங்க" என்றே பதில். நேரில் போனேன், நாற்பது கிலோமீட்டர். "ஓனர் கல்யாணத்துக்குப் போயிட்டாருங்க, சாவி அவர்கிட்ட" என்றான் பையன். மறுவாரம் மறுபடி போனேன். மேஜை இழுப்பறையில், டீக்கடைக் கணக்குச் சீட்டுகளுக்கு அடியில், நான்கும் மடித்தபடி கிடந்தன. கையெழுத்துகூடப் போட்டாயிற்று, தபாலில் சேர்க்க மட்டும் ஆள் இல்லை! சண்டை போடத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன்: நீலத் தாள் வராமல் அடுத்த லோடை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னொரு கண்ணி, ஏசி. குளிரூட்ட அதில் நிரப்பும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எங்கள் பில்லிலோ 'கேஸ் ஃபில்லிங், 3 நம்பர்'. அது மூன்று கிலோவா, மூன்று ஏசியா? மெக்கானிக்குக்கே நினைவில்லை. கடைசியில், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து, முழுக் கொள்ளளவும் போனதாக வைத்துக்கொண்டோம். எண் கூடிவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு வருத்தம்தான். குறைத்துக் காட்ட ஆதாரம் கொடுங்கள் என்றேன், பேசவில்லை.

டீசலும் அப்படித்தான். பங்க் சீட்டில் தொகை மட்டும் இருந்ததை அந்தந்த நாள் விலையால் வகுத்து லிட்டர் கண்டுபிடித்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது வவுச்சரில் 'அளவு' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். அது காலியாக இருந்தால் பணம் கிடையாது. ஸ்டோர்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று அதே ஏசி மெக்கானிக் வந்தார். "போட்ட கிலோவை எழுதிட்டுப் போங்கண்ணே" என்றேன். "இதெல்லாம் யாருமே கேட்டதில்லீங்களே" என்று சிரித்தவர், சிலிண்டரை ஸ்டோர் தராசில் முன்னும் பின்னும் வைத்து எடை பார்த்தார். 1.2 கிலோ. பில்லின் ஓரத்தில் எழுதி, கேட்காமலே கையெழுத்தும் போட்டார்.